கொலஸ்ட்ரோல் துகள்கள் புற்றுநோய் மருந்தைச் சுமக்குமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கங்களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தெல்லிப்பழைக்கும் மகரகமவுக்கும் போய்வருகிறவர்கள், ஊர் திரும்பியபின் மருந்துச் சிட்டையை நீட்டிக்கொண்டே பல கேள்விகளைக் கேட்பார்கள். வன்னியில் மருந்தாளராக வேலை செய்யும் என்னிடம் அண்மைக்காலத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. உடம்பிலேயே ஓடுகிற கொலஸ்ட்ரோல் துகளுக்குள் கீமோ மருந்தை வைத்து அனுப்பினால் அது நேரே புற்றுக்குள் போய்விடும் என்று கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்ததாகவும், அந்த மருந்து இங்கு கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். இங்கு மட்டுமல்ல, எந்த நாட்டிலும் அது இன்னும் வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. ஆயினும் அந்தச் செய்திக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. அதை முழுதாக விளக்க மருந்து கொடுக்கும் யன்னலடியில் நேரம் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இலிப்போபுரதத் துகள் என்பது என்ன?

குருதியின் பெரும்பகுதி தண்ணீர். நாம் உண்ணும் கொழுப்பும், ஈரல் தானாகவே ஆக்கும் கொலஸ்ட்ரோலும் தண்ணீரில் கரையமாட்டா. ஆகவே உடல் அவற்றை மிகச் சிறிய உருண்டைகளாக்கி, உருண்டையின் மேற்புறத்தில் தண்ணீரோடு ஒத்துப்போகும் பொஸ்போலிப்பிட்டு மூலக்கூறுகளை ஒற்றைப் படையாக அடுக்கி, அதன்மேல் ஒரு புரதத்தையும் சுற்றிக் குருதியில் விடுகிறது. கொழுப்பும் புரதமும் சேர்ந்த இந்த உருண்டைக்குத்தான் இலிப்போபுரதம் என்று பெயர்.

எருமைப் பாலில் இதைப் போன்ற ஒன்றைக் கண்ணால் காணலாம். பாலில் அவ்வளவு கொழுப்பு இருந்தும் அது எண்ணெயாக மிதப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. தயிராக்கி மத்தால் கடையும்போது அந்த உறை உடைகிறது. உடைந்த துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரள்கின்றன. கொழுப்பு மிகக் கூடிய ஒருவரின் குருதி மாதிரியிலிருந்து பிரித்த திரவவிழையத்தை (கலங்கள் நீங்கிய குருதித் திரவத்தை) குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு வைத்தபோது, காலையில் குழாயின் மேல்மட்டத்தில் பாலாடை போன்ற வெள்ளைப் படை ஒன்று நின்றதை நான் பார்த்திருக்கிறேன். உணவிலிருந்து வரும் கொழுப்பைச் சுமக்கும் கைலோமைக்கிரோன் என்ற பெரிய துகள்கள்தாம் அப்படி மேலே வந்து நிற்கின்றன.

மருந்து சுமக்கும் ஆராய்ச்சியில் முக்கியமானவை இவற்றைவிடச் சிறிய இரண்டு வகைகள். எல்.டி.எல். என்பது ஏறத்தாழ 22 நானோமீற்றர் விட்டமுடையது. 2 மில்லிமீற்றர் அகலமான ஓர் அரிசிமணியின் குறுக்கே ஏறக்குறைய 90,000 எல்.டி.எல். துகள்களை வரிசையாக வைக்கலாம். எச்.டி.எல். அதிலும் சிறியது, 7 முதல் 13 நானோமீற்றர் வரை. கிளினிக்கில் எல்.டி.எல்.லைக் ‘கெட்ட கொலஸ்ட்ரோல்’ என்றும் எச்.டி.எல்.லை ‘நல்ல கொலஸ்ட்ரோல்’ என்றும் சொல்வார்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கும் வரைக்கும் அந்த நல்லது கெட்டதை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். இங்கே இரண்டுமே வண்டிகள்தாம்.

புற்றுநோய்க் கலங்கள் ஏன் இந்தத் துகள்களைக் கூடுதலாக எடுக்கின்றன?

ஒரு கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதற்குப் புதிய மென்சவ்வு வேண்டும். மென்சவ்வு கட்டக் கொலஸ்ட்ரோல் வேண்டும். வேகமாகப் பிரியும் புற்றுக் கலம் அதைத் தானே ஆக்கவும் செய்யும், குருதியில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கவும் செய்யும். பிடிப்பதற்காகக் கலத்தின் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பி என்ற புரதம் நிற்கிறது. எல்.டி.எல். துகளைச் சுற்றியிருக்கும் அப்போ-பி-100 என்ற மிகப் பெரிய புரதத்தை அந்த ஏற்பி இனங்கண்டு பற்றிக்கொள்ளும். பற்றியவுடன் கலத்தின் அந்த இடம் குழிந்து, துகளை விழுங்கிவிடும். உள்ளே இலைசோசோம் என்ற பையில் துகள் சிதைக்கப்பட்டுக் கொலஸ்ட்ரோல் வெளியேற, ஏற்பி மட்டும் சேதமின்றி மேற்பரப்புக்குத் திரும்பிவரும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பத்து நிமிடம். ஓர் ஏற்பி தன் வாழ்நாளில் இப்படி நூற்றுக்கணக்கான தடவைகள் போய்வருகிறது.

துகளுக்குள் கொலஸ்ட்ரோலோடு மருந்தும் இருந்தால், கலம் தன் கையாலேயே மருந்தை உள்ளே எடுத்துக்கொள்ளும். முழு ஆராய்ச்சியும் இந்த ஒரு வாக்கியத்தில் நிற்கிறது.

எல்லாப் புற்றுநோய்களிலும் இந்த ஏற்பிகள் கூடியிருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடுமையான மைலொயிட் வகைக் குருதிப் புற்றுநோயில் இது மிகத் தெளிவாகக் காணப்பட்டது. மார்பகம், சூலகம் முதலிய சில உறுப்புகளின் புற்றுகளிலும் கூடிய உள்ளெடுப்புக் காணப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரே வகைப் புற்றுநோயுள்ள இருவரில்கூட அளவு வேறுபடலாம்.

இது யாருடைய கண்டுபிடிப்பு?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டலஸ் நகரில் வேலை செய்த மைக்கேல் பிரௌண், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள், பரம்பரையாக மிகக் கூடிய கொலஸ்ட்ரோல் உள்ள குடும்பங்களை ஆராய்ந்தபோது 1970களின் முற்பகுதியில் எல்.டி.எல். ஏற்பியைக் கண்டறிந்தார்கள். அதற்காக 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் தேடியது இதய நோயின் காரணத்தை. ஆனால் அதே குழு 1978இல் குருதிப் புற்றுக் கலங்கள் எல்.டி.எல்.லைக் கூடுதலாக உள்ளெடுப்பதையும் பதிவுசெய்தது.

1980களில் சுவீடனில் குருதிப் புற்றுநோயாளரை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது அவர்களுடைய குருதியில் கொலஸ்ட்ரோல் குறைந்திருந்தது. புற்றுக் கலங்களின் எல்.டி.எல். உள்ளெடுப்பு எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்கு அது குறைந்தது. நோயாளியின் ஆய்வுகூட அறிக்கையில் கொலஸ்ட்ரோல் இறங்கியிருப்பதைக் கண்டு வீட்டார் மகிழ்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அது எப்போதும் நல்ல செய்தியாக இருப்பதில்லை. அறிக்கையை மருத்துவரிடம் காட்டிக் கேட்பதே சரி.

துகளுக்குள் மருந்தை எப்படி வைக்கிறார்கள்?

மூன்று இடங்கள் இருக்கின்றன. கொழுப்பில் கரையும் மருந்தானால் துகளின் நடுவே உள்ள கொழுப்புக் கருவுக்குள் வைக்கலாம். பாதி தண்ணீரிலும் பாதி கொழுப்பிலும் ஒட்டும் மருந்தை மேல் படைக்குள் செருகலாம். அல்லது வெளியே உள்ள புரதத்தோடு இரசாயனப் பிணைப்பால் கட்டலாம். கடைசி வழியில் ஆபத்து உண்டு. ஏற்பி இனங்காணும் பகுதியில் மருந்து போய் ஒட்டிவிட்டால், துகளின் முகவரியே அழிந்துவிடும்.

கருவுக்குள் வைப்பது மிகவும் பாதுகாப்பானது, செய்முறையும் அழகானது. எல்.டி.எல்.லை மாச்சத்தோடு சேர்த்து உறைநிலையில் உலர்த்தி, ஹெப்டேன் என்ற கரைப்பானால் அதன் கருவிலுள்ள கொழுப்பைக் கழுவி எடுத்துவிட்டு, வெறுமையான இடத்தில் வேறு கொழுப்பையோ மருந்தையோ நிரப்பி, மீண்டும் தண்ணீரில் எழுப்புவார்கள். பிரௌண், கோல்ட்ஸ்டீன் ஆகியோரோடு வேலை செய்த மொன்டி கிரீகர் 1970களின் இறுதியில் இந்த முறையை உருவாக்கினார். அப்படி நிரப்பிய துகளையும் கலத்தின் ஏற்பி பழைய துகளாகவே நம்பிப் பிடித்தது.

எல்லா மருந்தும் கொழுப்புக் கருவுக்குள் தங்குவதில்லை. பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து தண்ணீரிலும் கரையாது, எண்ணெயிலும் போதிய அளவு கரையாது. அதனால் ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை அதன்மேல் ஒட்டி, எண்ணெய்த்தன்மை கூடிய மருந்தாக மாற்றி உள்ளே வைக்கிறார்கள். கலத்துக்குள் போனபின் நொதியங்கள் அந்த ஒட்டை வெட்டிவிட, உண்மையான மருந்து வெளிவருகிறது.

எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டில் எது மருந்துக்கு ஏற்றது?

என் பார்வையில் எச்.டி.எல். பக்கமே நடைமுறைக்குக் கிட்ட இருக்கிறது. எல்.டி.எல்.லின் அப்போ-பி-100 புரதத்தில் 4,536 அமினோ அமிலங்கள் உள்ளன. தண்ணீரில் தனியே நிற்காத அவ்வளவு பெரிய புரதத்தைத் தொழிற்சாலையில் ஆக்குவது மிகக் கடினம். மனிதக் குருதியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. எச்.டி.எல்.லின் முதன்மைப் புரதமான அப்போ-ஏ-1 வெறும் 243 அமினோ அமிலங்கள் கொண்டது. பக்டீரியாவைக் கொண்டும் அதை ஆக்கலாம். அந்தப் புரதத்தையும் பொஸ்போலிப்பிட்டையும் மருந்தையும் ஒரு பித்த உப்போடு கலந்து, பின்னர் அந்த உப்பை மெல்ல அகற்றினால், துகள்கள் தாமாகவே கூடிக்கொள்கின்றன.

இன்னொரு வேறுபாடு உள்ளே இறக்கும் முறையில் இருக்கிறது. எச்.டி.எல்.லைப் பிடிக்கும் எஸ்.ஆர்.-பி1 என்ற ஏற்பி துகளை விழுங்குவதில்லை. துகளைத் தன்னருகே நிறுத்தி, கருவிலுள்ள கொழுப்பை மட்டும் கலத்துக்குள் வாங்கிவிட்டுத் துகளை விட்டுவிடும். நெல் ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை முற்றத்துக்குள் விடாமல் படலையடியில் மறித்து, மூடைகளை மட்டும் இறக்கி எடுப்பது போன்றது அது. இதனால் மருந்து இலைசோசோமின் அமிலத்துக்குள் விழாமல் நேரே கலத்தின் உட்புறத்துக்குப் போகிறது. அமிலத்தில் அழியக்கூடிய ஆர்.என்.ஏ. போன்ற நுண்ணிய மருந்துகளுக்கு இது பெரும் வாய்ப்பு. ஹியூஸ்டன் ஆராய்ச்சியாளர் 2011இல் எலிகளில் சூலகப் புற்று, பெருங்குடற் புற்று ஆகியவற்றுக்கு இந்த வழியால் ஆர்.என்.ஏ.யைக் கொண்டுசென்று காட்டினார்கள்.

இப்போது ஏற்றும் கீமோவில் என்ன குறை, இந்தப் புதிய வழியைத் தேட?

மருந்தில் உள்ள குறையைவிட, மருந்தைக் கரைக்கும் திரவத்தில் உள்ள குறை பல வேளைகளில் பெரிது. பக்லிடாக்செல்லையே எடுத்துக்கொள்வோம். அது வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது. தண்ணீரில் கரையாத அந்த மருந்தை அற்ககோலிலும், ஆமணக்கெண்ணெயை இரசாயன முறையில் மாற்றிப் பெற்ற ஒரு தடித்த திரவத்திலும் கரைத்துத்தான் குப்பியில் அடைக்கிறார்கள். குப்பியைச் சாய்த்தால் அது தண்ணீர்போல ஓடாது. சற்றுத் தயங்கி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்கும். சிலருடைய உடல் அந்தத் திரவத்தைத் தாங்காமல் மூச்சிறுக்கமும் குருதியமுக்க வீழ்ச்சியும் ஏற்படுவதுண்டு. ஆகவேதான் மருந்து ஏற்றுமுன் டெக்ஸாமெதசோன், குளோர்பெனிரமின் போன்றவற்றைத் தருகிறார்கள். சாதாரண பிளாஸ்ரிக் பையிலிருந்து வேண்டாத பொருள்களை அது கரைத்தெடுத்துவிடும் என்பதால், கண்ணாடிப் போத்தலையோ தகுந்த வேறு பையையோ பயன்படுத்துகிறார்கள். வழக்கமாக மூன்று மணித்தியாலம் மெதுவாக ஏற்றுவதும் பெரும்பாலும் இதற்காகத்தான். ‘ஊசி போடமுன் ஏன் இத்தனை குளிசை’ என்று கேட்கிறவர்களுக்கு விடை இதுவே. அந்தக் குளிசைகளைத் தயவுசெய்து ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

கொழுப்பையே வண்டியாக்கினால் அந்தத் திரவம் தேவையில்லை. டெக்சஸின் போர்ட் வேர்த் நகரில் அன்ட்ராஸ் லக்கோவின் குழு பக்லிடாக்செல்லை எச்.டி.எல். வகைத் துகளுக்குள் வைத்து எலிகளுக்குக் கொடுத்தபோது, வழக்கமான மருந்தைவிட நஞ்சுத்தன்மை குறைந்திருந்தது.

சிவப்பு மருந்து என்று நம்மவர்கள் சொல்லும் டொக்சோரூபிசினில் வேறு சிக்கல். அது இதயத் தசையைப் பாதிக்கும். வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற எல்லை அதற்கு உண்டு. இதயத்துக்குப் போகாமல் புற்றுக்கு மட்டும் போகும் வண்டி கிடைத்தால் அந்த எல்லை தளரும்.

நானோ மருந்து என்று ஏற்கனவே ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

அல்ல. டொக்சோரூபிசினைச் செயற்கைக் கொழுப்புக் குமிழுக்குள் அடைத்த லிப்போசோம் மருந்து அமெரிக்காவில் 1995இலேயே அங்கீகாரம் பெற்றது. குருதியிலுள்ள அல்புமின் புரதத்தோடு பக்லிடாக்செல்லைச் சேர்த்த மருந்து 2005இல் அங்கு அங்கீகாரம் பெற்றது. ஆமணக்குத் திரவம் இல்லாததால் அதை அரை மணித்தியாலத்தில் ஏற்றலாம். உடலின் சொந்தப் புரதத்தையே வண்டியாக்க முடியும் என்பதை அந்த அல்புமின் மருந்து மெய்ப்பித்தது. இலிப்போபுரத ஆராய்ச்சியாளருக்கு அது பெரிய ஊக்கம்.

செயற்கைக் குமிழ்களை ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள துப்புரவுக் கலங்கள் அந்நியப் பொருளாகக் கண்டு விழுங்கப் பார்க்கும். அதைத் தவிர்க்கக் குமிழின்மேல் வேறொரு பூச்சுப் பூச வேண்டியிருக்கிறது. உடலின் சொந்தத் துகளை அவை தொடர்ந்து காண்பதால் அப்படிச் சந்தேகிப்பதில்லை; எல்.டி.எல். சாதாரணமாகவே இரண்டு மூன்று நாட்கள் குருதியில் நின்றோடும்.

நல்ல கலங்களும் கொலஸ்ட்ரோலை எடுக்குமே, அவை பாதிக்கப்படாதா?

இந்த வழியின் மிகப் பெரிய இடர் இதுதான். இதைச் சொல்லாமல் விடும் எந்தச் செய்தியையும் நம்ப வேண்டாம். குருதியிலுள்ள எல்.டி.எல்.லின் பெரும்பகுதியை ஈரலே எடுக்கிறது. சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரீனல் சுரப்பியும் சூலகமும் விதையும் ஓமோன் ஆக்கக் கொலஸ்ட்ரோலை விரும்பி எடுக்கும். அங்கெல்லாம் மருந்தும் போகும்.

இதற்கு ஒரு தீர்வாக, டொரொன்டோவைச் சேர்ந்த காங் செங் போன்றவர்கள் எல்.டி.எல்.லின் இயற்கை முகவரியை மறைத்துவிட்டு, சில புற்றுக் கலங்கள் கூடுதலாக வைத்திருக்கும் போலேற் ஏற்பியை (போலேற் என்ற விற்றமினைப் பிடிக்கும் புரதத்தை) நாடும் புதிய முகவரியை ஒட்டிப் பார்த்தார்கள். வேறு சிலர் மருந்தை நாளம் வழியாக உடம்பெங்கும் விடாமல் புற்றுள்ள உறுப்பின் நாடிக்குள்ளேயே விட்டார்கள். டலஸில் மீன் எண்ணெயிலுள்ள டி.எச்.ஏ. என்ற கொழுப்பமிலத்தை எல்.டி.எல்.லுக்குள் நிரப்பி, ஈரல் நாடி வழியே எலிகளுக்குச் செலுத்தியபோது, ஈரலிலிருந்த புற்று சிதைந்தது. பக்கத்திலிருந்த நல்ல ஈரல் பெரிதும் தப்பியது. 2016இல் வெளிவந்த அந்த முடிவு எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஒன்று, எலிகளில் மட்டும் கண்டதென்றாலும்.

அப்படியானால் மீன் எண்ணெய்க் குளிசை எடுத்தால் போதுமா?

போதாது. விழுங்கிய எண்ணெய் சமிபாடடைந்து உடல் முழுவதற்கும் பகிரப்படும், எல்.டி.எல்.லின் கருவில் செறிவாக அடைத்து நாடிக்குள் விட்டதற்கு அது ஈடாகாது. முல்லைத்தீவுக் கரைவலை மீன் நல்ல உணவு, அதைத் தாராளமாக உண்ணலாம். குளிசையாக எதையும் தொடங்குமுன் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேளுங்கள்.

மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்களா?

சிறு அளவில் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலின் சாவோ பவுலோவில் ரவுல் மரன்யாவோ என்ற மருத்துவர் புரதமே இல்லாத, எல்.டி.எல்.லைப் போன்ற கொழுப்புக் குழம்பு ஒன்றை உருவாக்கினார். அதைக் குருதியில் விட்டால், அங்கே ஓடும் அப்போ-இ என்ற புரதத்தை அது தானே பூசிக்கொள்கிறது. எல்.டி.எல். ஏற்பி அப்போ-இயையும் நன்றாகப் பற்றும். ஆகவே தொழிற்சாலையில் ஆக்கமுடியாத அந்தப் பெரிய புரதம் தேவையில்லாமல் போகிறது. மிகக் கெட்டிக்கார வழி என்பேன். கார்மஸ்டின், எட்டோபொசைட், பக்லிடாக்செல் ஆகியவற்றை அதில் ஏற்றி, முற்றிய நோயுள்ளவர்களுக்குக் கொடுத்தபோது பக்கவிளைவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தன. ஆனால் அவை சிறு தொகையினரில் செய்த ஆய்வுகள். வழக்கமான சிகிச்சையைவிட இதனால் ஆயுள் கூடும் என்று காட்டுவதற்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வு வேண்டும்.

மருந்தில்லாத எச்.டி.எல். துகள்களைப் பொறுத்தவரை அனுபவம் கூட. மாரடைப்பு வந்தவர்களில் அடுத்த மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்க்க, மனித அப்போ-ஏ-1 கொண்டு ஆக்கிய துகள்களைச் சோதித்த ஆய்வொன்றில் 18,000 பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். 2024இல் வெளிவந்த முடிவின்படி எதிர்பார்த்த பயன் உறுதிப்படவில்லை. இதய நோயாளருக்கு அது ஏமாற்றம்தான். என்றாலும் இத்தகைய துகளைப் பெருமளவில் ஆக்கவும், ஆயிரக்கணக்கானோருக்கு நாளத்தால் ஏற்றவும் முடியும் என்பது தெரிந்துவிட்டது.

ஐம்பது ஆண்டுகளை நெருங்கியும் ஏன் மருந்தாக வரவில்லை?

ஒரு கணக்கைப் பாருங்கள். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 லீற்றர் திரவவிழையம் ஓடுகிறது. எல்.டி.எல். கொலஸ்ட்ரோல் டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராம் என்று வைத்தால், எந்நேரமும் 3 கிராம் அளவு அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் விடும் மருந்துத் துகள், ஏற்பியில் இடம்பிடிக்க அந்தப் பெருங்கூட்டத்தோடு போட்டியிட வேண்டும். அதோடு, துகள்கள் ஒன்றுக்கொன்று கொழுப்பைப் பரிமாறிக்கொள்ளும் இயல்புடையவை; போகும் வழியிலேயே மருந்து வேறு துகள்களுக்கு மாறிவிடலாம்.

மனிதக் குருதியிலிருந்து எடுத்தால் தொற்றுப் பயம் உண்டு. ஒருவருடைய எல்.டி.எல். இன்னொருவருடையதைப் போல இராது. காற்றுப்பட்டால் ஒட்சியேற்றமடையும், ஒட்சியேற்றமடைந்த எல்.டி.எல்.லைத்தான் குருதிக்குழாய்ச் சுவரிலுள்ள துப்புரவுக் கலங்கள் விழுங்கிப் படிவாக்குகின்றன. இத்தனைக்கும் விடை கண்டு, ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் வரும்படி ஆக்குவது பெருஞ்செலவான வேலை.

புற்று கொலஸ்ட்ரோலை உண்கிறதென்றால் முட்டையையும் தேங்காய்ப்பாலையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் துணிந்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை. ஒருநாள் ஓர் அம்மாவைக் கூட்டிவந்த மகள், “மிஸ், அம்மாவுக்கு இப்ப இரண்டு மாதமா முட்டையும் குடுக்கிறேல்ல, மீனும் குடுக்கிறேல்ல, கஞ்சி மட்டும்தான்” என்று பெருமையோடு சொன்னார். அம்மாவின் மணிக்கூட்டுப் பட்டி கையிலிருந்து முழங்கைவரை வழுகிப் போயிற்று. அவ்வளவு மெலிந்திருந்தார்.

உடலிலுள்ள கொலஸ்ட்ரோலின் பெரும்பகுதியை உடலே ஆக்குகிறது. புற்றுக் கலமும் தனக்கு வேண்டியதை ஆக்கவல்லது. உணவைக் குறைத்துப் புற்றைப் பட்டினி போட முடியாது. பட்டினி கிடப்பது நோயாளிதான். நிறை குறைந்தால் அடுத்த கீமோவைத் தாங்கும் வலு குறையும், மருந்தளவைக் குறைக்கவோ நாளைத் தள்ளவோ நேரும். நன்றாக அவித்த முட்டை, மீன், பருப்பு, முருங்கையிலை, தேங்காய்ப்பால் விட்ட சொதி, எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதோ அதைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். நீரிழிவோ இதய நோயோ சிறுநீரக நோயோ கூட இருந்தால் மட்டும் அதற்கேற்ற உணவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொலஸ்ட்ரோலுக்கு ஏற்கனவே குளிசை எடுப்பவர்கள் அதை நிறுத்தலாமா?

தாமாக நிறுத்தக்கூடாது. அற்றோவாஸ்டற்றின் போன்ற ஸ்டற்றின் குளிசைகள் ஈரலில் எல்.டி.எல். ஏற்பிகளைக் கூட்டி, குருதியிலுள்ள எல்.டி.எல்.லைக் குறைக்கின்றன. அவை இதயத்துக்காகத் தரப்பட்டவை. சில கீமோ மருந்துகளோடு அவை மோதக்கூடும் என்பதால், கிளினிக்குக்குப் போகும்போது எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் உறையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பெயரை நினைவில் வைத்துச் சொல்வது போதாது. வெள்ளைக் குளிசை என்று சொல்வது அறவே போதாது.

யாராவது இதை மருந்தென்று விற்றால்?

வாங்காதீர்கள். இத்தகைய துகள் நாளத்தால் ஏற்றப்படுவது. வாயால் குடித்தால் வயிறும் குடலும் அதைச் சாதாரண கொழுப்பாகவும் புரதமாகவும் சமிபாடாக்கிவிடும். ஆகவே தூளாகவோ சொட்டாகவோ குளிசையாகவோ ‘கொலஸ்ட்ரோல் நானோ மருந்து’ என்று வருவது எதுவும் இங்கு பேசப்படும் பொருளாக இருக்கவே முடியாது.

வந்தால், வன்னியின் வெயிலில் இதை வைத்திருக்க முடியுமா?

எல்.டி.எல். மென்மையான பொருள். 4 பாகை செல்சியஸ் அளவில் இருட்டில் வைக்க வேண்டும். வெறுமனே உறையவைத்து உருக்கினால் துகள் குலைந்து ஒட்டிக்கொள்ளும், சர்க்கரைக் கரைசலில் வைத்து உறையவைத்தால் ஓரளவு தப்பும். ஒரு நாள் மின்சாரம் நின்றாலே தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடும் இடங்களில் அது சுலபமாக இராது. எச்.டி.எல். வகைத் துகளைச் சர்க்கரையோடு சேர்த்து உறைநிலையில் உலர்த்தித் தூளாக்கலாம். மேலே சொன்ன இதய நோய் ஆய்வில் பயன்பட்டதும் உலர் தூளாக வந்து, ஏற்றுமுன் கரைக்கப்பட்டதுதான். எனவே, எப்போதாவது இவ்வகை மருந்து ஏ9 வீதி வழியாகக் கிளிநொச்சிக்கு வருமானால், அது ஒரு சிறு கண்ணாடிக் குப்பியின் அடியில் வெள்ளைத் தூளாக வந்து சேரும் என்றே எண்ணுகிறேன்.